தென்னந்தோப்பிலும் கல்லூரி வளாகத்திலும் 26 மாதங்கள்: மடக்கு மின் ஸ்கூட்டர் அனுபவம்

வார நாள்களில் கோவையில் நான் பணிபுரியும் கல்லூரி வளாகத்துக்குள்ளும், சனி ஞாயிறுகளில் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள எங்கள் தென்னந்தோப்பிலுமாக, நின்றுகொண்டே ஓட்டும் இந்த மடக்கு மின் ஸ்கூட்டரை 26 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சக்கரத்துக்கு ஒன்றாக 1000 வாட் மோட்டார்கள் இரண்டு, 52 வோல்ட் பேட்டரி, 10 அங்குலக் காற்று டயர், எடை 34 கிலோ. நம் நாட்டு விதிப்படி மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால்தான் பதிவு தேவையில்லை என்பதால், பொதுச் சாலையில் இதை நான் இறக்குவதேயில்லை. மடக்கி, காரின் டிக்கியில் வைத்தே கொண்டுபோகிறேன்.

வாங்கும்போது மோட்டாரின் வாட் கணக்கைத்தான் பார்த்தேன். தோப்பில் ஓட்டிப் பழகிய பின்னரே, மண் பாதையில் வண்டியைக் காப்பாற்றுவது டயர்க் காற்றுதான் என்பது புரிந்தது. சிமென்ட் தளத்துக்கு 45 பிஎஸ்ஐ வைக்கிறேன். அதே காற்றோடு தோப்புக்குள் நுழைந்தால், காய்ந்த மட்டைத் துண்டின்மேல் ஏறியதும் முன்சக்கரம் துள்ளி, ஹேண்டில் கையைவிட்டுத் திமிறும். 30க்குக் குறைத்தால் டயர் மண்ணைக் கவ்விக்கொண்டு போகிறது. அதற்கும் கீழே இறக்கினால் கல்லில் இடித்து ரிம் நசுங்கிவிடும். தண்ணீர் பாய்ச்சிய வட்டப்பாத்தி ஓரங்களில் இவ்வளவு சிறிய சக்கரம் புதைந்தே தீரும். அங்கே இறங்கித் தள்ளுவதுதான் வழி.

மிகுந்த கவனம் கேட்பது, ஹேண்டில் தண்டு மடங்கும் இடமான மடக்கு மூட்டு. எட்டாம் மாதத்தில், சரிவில் இறங்கும்போது ஹேண்டில் முன்னும் பின்னும் லேசாக ஆடியது. நிறுத்தி, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மூட்டின்மேல் விரலை வைத்து அசைத்துப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி 'டொக்' என்று விரலில் தட்டியது. விற்ற கடையில் போல்ட்டை முறுக்கித் தந்தார்கள். மூன்றே வாரத்தில் ஆட்டம் திரும்பியது. தேய்ந்திருந்தது போல்ட் அல்ல, அது நுழையும் துளை என்பதைக் கண்டுபிடித்து, துளைக்குள் பொருந்தும் பித்தளை வளையம் (புஷ்) கடைந்து போட்டவர் எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர். அதன்பின் ஆட்டம் இல்லை. ஆயினும் வண்டியில் ஏறுமுன் இந்தச் சோதனையை ஒருநாளும் விடுவதில்லை. அந்த மூட்டு விட்டுப்போனால் ஓட்டுபவர் முகம் குப்புறத்தான் விழுவார்.

வண்டியின் தூசு, நீர்த் தடுப்புத் தரம் ஐபி54; அது தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும். ஆகவே பைப் பிடித்துக் கழுவாமல், காய்ந்த சேற்றைத் தட்டிவிட்டு ஈரத்துணியால் துடைக்கிறேன். பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜ் போடுவதில்லை. நெடுநாள் விடுமுறை என்றால் பாதி சார்ஜில் நிறுத்திவைக்கிறேன். அப்படியும், புதிதில் தோப்பில் ஒரு முழு சார்ஜில் 34 கிலோமீட்டர் ஓடியது இப்போது 28 ஆகக் குறைந்திருக்கிறது.

டிக்கியில் ஏற்றும்போது முன்சக்கரத்தை விளிம்பில் சாய்த்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கித் தள்ளினால் முதுகு தப்பும். மாடிப்படியில் தினமும் சுமக்க வேண்டிய வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த எடையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.