ஃபிலிமா, டிஜிட்டலா: நடுவில் நிற்கும் ஸ்கேனர்

ஃபிலிமில் எடுத்து ஸ்கேன் செய்கிறவர்கள், "நான் இன்னும் டிஜிட்டலுக்கு மாறவில்லை" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பல வருடம் நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஸ்கேனருக்குள் இருப்பதும் ஒளியை எண்ணாக்கும் சென்சார்தான். கேமராவில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற வேலையை அது வரிவரியாக ஊர்ந்து செய்கிறது. டார்க்ரூமில் பிரிண்ட் போடுகிறவர் கதை வேறு, அவரை விட்டுவிடலாம். திரையில் பார்க்கப்போகிற படம் எங்கோ ஓரிடத்தில் டிஜிட்டல் ஆகித்தான் தீர வேண்டும். கேமராவிலேயே ஆகட்டுமா, ஸ்கேனரில் ஆகட்டுமா?

ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். கழுவி வந்த 36 படங்களின் ரோலை ஆறு ஆறாக வெட்டி, மங்கலாகத் தெரியும் எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் பூச்சு) பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, காற்றடித்துத் தூசி தட்டி ஹோல்டரில் வைப்போம். மூன்று நிமிடம் ஸ்கேன் ஆகும். திரையில் பெரிதாக்கினால் வானத்துக்குக் குறுக்கே ஒரு மயிரிழை! மறுபடி முதலிலிருந்து. ஒரு ரோலுக்கு எனக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை.

தூசியை நீக்க அகச்சிவப்பு வசதி இருக்கிறதே என்பீர்கள். கலர் ஃபிலிமின் சாயம் அகச்சிவப்பு ஒளியை ஊடே விட்டுவிடும், தூசி மறைக்கும். அதனால் எது தூசி என்று ஸ்கேனருக்குத் தெரிந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான், அதுவும் அகச்சிவப்பை மறைக்கும். ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். அங்கே கையால் புள்ளி புள்ளியாகத் துடைப்பதைத் தவிர வழியில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃப்ரேம் 24 × 36 மி.மீ. நல்ல ஃபிலிம் ஸ்கேனரில் 4000 டிபிஐ (அங்குலத்துக்கு 4000 புள்ளி) வைத்தால் சுமார் 21 மெகாபிக்சல் வரும். காகிதமும் ஸ்கேன் செய்கிற தட்டையான ஃபிளாட்பெட் ஸ்கேனரின் பெட்டியில் 6400 என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி ஸ்கேன் செய்தால் ஃபைல்தான் வீங்கும், விவரம் அதிகமாகாது. சாதாரண 24 மெகாபிக்சல் கேமரா குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனில்) தருவது இதைவிடச் சுத்தமாக இருக்கும். கூர்மை என்ற கணக்கில் 35 மி.மீ. தோற்றுவிட்டது என்பதே என் முடிவு. அகலமான 120 ரோலில் சதுரமாக 6 × 6 செ.மீ. எடுக்கிறவர்கள் இதற்காக என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். பரப்பளவு மூன்றரை மடங்குக்கு மேல், அங்கே ஃபிளாட்பெட்டே போதும்.

வெளிச்ச விஷயத்தில் மட்டும் ஃபிலிமை விட்டுக்கொடுக்க மாட்டேன். கலர் நெகட்டிவில் இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம், அதிகமாகப் போனாலும் மேகம் மேகமாகவே இருக்கும். டிஜிட்டலில் சென்சார் நிரம்பிவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளைதான், எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. ஆனால் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் இருட்டுக்குள் தோண்டினால் நிறையவே கிடைக்கும். மாறிய புதிதில் பழைய பழக்கத்தில் நிழல் பகுதிக்கு வெளிச்சத்தை அளந்து எடுத்தேன். அந்த மாதப் படங்களில் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லோருக்கும் மடிப்பும் இல்லை, பொத்தானும் இல்லை. நெகட்டிவாக இல்லாமல் நேரான படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமில் பழகியிருந்தால் இந்தப் பாடு வந்திருக்காது. அதுவும் டிஜிட்டலைப் போலவே கறார்.

பாதுகாப்பில் இரண்டுமே நம்மை ஏமாற்றும். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் போய்விடும். நெகட்டிவை ஜன்னலில் பிடித்தாலே படம் தெரியும், உண்மைதான். ஆனால் புழுக்கத்தில் கிடந்தால் அசிடேட் ஃபிலிம் வினிகர் வாடை அடித்துச் சுருளும். கழுவாத ரோல் இன்னும் மோசம். 1935இல் வந்த கோடாக்ரோம் என்ற கலர் ஃபிலிமை 2009இல் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், பார்சன்ஸ் ஊரிலிருந்த கடைசி லேப் 2010 முடிவோடு அதைக் கழுவ வாங்குவதையும் நிறுத்தியது. கழுவாமல் மிஞ்சிய ரோலில் இனி கறுப்பு வெள்ளையாக ஏதாவது தேறினால் உண்டு.

இப்போது புதுப்படமெல்லாம் டிஜிட்டலில்தான். பழைய நெகட்டிவ்களையும் அதே கேமராவில், மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் மாட்டி, விளக்குப் பலகை மேல் வைத்துப் படமெடுக்கிறேன். கால் மணியில் ஒரு ரோல் முடிகிறது. கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தைக் கழித்து வண்ணம் சரிசெய்யத்தான் அப்புறம் நேரம் பிடிக்கும். முக்கியமாகக் கேமரா சாயக் கூடாது, சாய்ந்தால் ஒரு மூலை மங்கிவிடும். நெகட்டிவ் வைக்கிற இடத்தில் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் ஃப்ரேமின் நட்டநடுவில் தெரிந்தால் எடுக்க ஆரம்பிக்கலாம்.