வாலண்டியர் வேலைன்னு நம்பிப் போய் ஏமாந்தேன், ஸ்டூடண்ட்ஸ் கொஞ்சம் படிங்க

காலேஜ் லீவுல சும்மா இருக்க வேணாம், சின்னப் பசங்களுக்குப் பாடம் சொல்லித் தரலாம்னு ரொம்ப நாளா ஆசை. ஆன்லைன்ல தேடினப்போ ஒரு டிரஸ்ட் விளம்பரம் கண்ணுல பட்டுச்சு, மாணவர்களுக்கு சேவை வாய்ப்பு, சர்ட்டிபிகேட் உண்டு, கொஞ்ச இடம்தான் பாக்கின்னு. பேரு, போன் நம்பர், எந்த காலேஜ்னு மட்டும் போட்டு அனுப்பினேன். அரை மணி நேரத்துல "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க"ன்னு மெசேஜ் வந்துடுச்சு.

அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நான் யாரு, எதுக்கு வர்றேன், என்ன தெரியும், வாரத்துல எத்தனை மணி நேரம் வர முடியும்னு ஒரு கேள்வி கூட கேக்கல. குழந்தைங்க இருக்கற இடத்துக்கு ஒருத்தர அனுப்பறவங்க இப்படி எதுவுமே விசாரிக்காம சேத்துக்குவாங்களா? எனக்கு அன்னிக்கு சந்தோஷம்தான் பெருசா இருந்துச்சு.

அடுத்த நாளே ரிஜிஸ்ட்ரேஷனுக்கு, ஐடி கார்டுக்கு, ட்ரெய்னிங்குக்குன்னு தனித்தனியா பணம் கேட்டாங்க, அதுவும் டிரஸ்ட் பேர்ல இல்லாம ஒரு தனி ஆளோட அக்கவுண்டுக்கு, நானும் போட்டுட்டேன். ட்ரெய்னிங்னு ஒரு வீடியோ அனுப்பினாங்க, அதுல தெரிஞ்சவங்ககிட்ட எப்படி பணம் கேக்கணும்ங்கறதத் தவிர வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு வாட்ஸ்அப் க்ரூப்ல சேத்து ரெண்டு வாரத்துல இவ்ளோ வசூல் பண்ணணும்னு டார்கெட் குடுத்தாங்க, பாடம் எப்போன்னு கேட்டா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிக்கிட்டே போனாங்க. தினமும் ராத்திரி யார் யார் ஒண்ணும் வசூல் பண்ணலன்னு பேரோட க்ரூப்ல போடுவாங்க. அந்த அவமானத்துக்குப் பயந்தே சித்தி, ஸ்கூல்ல எனக்குப் பாடம் எடுத்த டீச்சர், பக்கத்து வீட்டுப் பாட்டின்னு மொத்தம் 11 பேர்கிட்ட கேட்டு வாங்கினேன். அவங்க யாரும் அந்த டிரஸ்ட்ட நம்பிக் குடுக்கல, என்னை நம்பித்தான் குடுத்தாங்க.

டீச்சர் ரசீது கேட்டாங்க. நான் க்ரூப்ல கேட்டேன், பதில் இல்ல. ஆபீஸ் அட்ரஸ் குடுங்க நேர்ல வர்றேன்னு கேட்டேன், க்ரூப்ல இருந்தே எடுத்துட்டாங்க. நாலு நாள் கழிச்சு ஒரு சர்ட்டிபிகேட் வந்துச்சு, நான் 120 மணி நேரம் குழந்தைகளுக்கு சேவை செஞ்சதா போட்டிருந்துச்சு. ஒரு குழந்தையோட முகத்தைக் கூட நான் பாக்கல. அதை எங்கேயும் காட்டப் போறதில்ல, அது பொய்.

அப்புறம்தான் அவங்க போட்டிருந்த பதிவு எண்ணைத் தேடிப் பாத்தேன், அது வேற ஏதோ அமைப்போடது. நிறைய நாடுகள்ல பதிவு பண்ண தொண்டு நிறுவனங்களோட பட்டியல அரசாங்கமே ஆன்லைன்ல வெச்சிருக்கு, பேரு, பதிவு எண், பொறுப்புல இருக்கறவங்கன்னு பாக்கலாம், சில நாடுகள்ல வருஷக் கணக்கும் கிடைக்கும். பத்து நிமிஷ வேலை, அதை முன்னாடியே செய்யாம விட்டுட்டேன்.

வசூல் பண்ணச் சொல்றதே தப்புன்னு சொல்ல வரல, நல்ல அமைப்புகளும் வாலண்டியர்ஸ வெச்சு நிதி திரட்டுவாங்க, ஆனா அதுதான் வேலைன்னு முதல்லயே சொல்லிடுவாங்க, ரசீதும் குடுப்பாங்க. வெளியூர் போய் தங்கற மாதிரி ப்ரோக்ராம்னா தங்கற செலவு கேக்கலாம், எதுக்கு எவ்ளோன்னு பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு 1970ல இருந்து இருக்கு, வீட்ல இருந்தே செய்யற ஆன்லைன் வேலையும் அதுல உண்டு, விண்ணப்பிக்க அவங்க பணம் வாங்கறதில்ல. 2026ஐ வேற தன்னார்வலர் ஆண்டுன்னு ஐ.நா. அறிவிச்சிருக்கு, அந்தப் பேரைச் சொல்லி யாராவது ஃபீஸ் கேட்டா குடுக்காதீங்க.

இதுக்கப்புறம் வாலண்டியர் வேலையே வேணாம்னு தோணுச்சு. ஆனா ஆசை விடல. நாலு இடத்துக்கு "எந்த வேலைனாலும் செய்யறேன்"னு மெயில் போட்டேன், யாரும் பதில் போடல. சின்ன அமைப்புகள்ல ரெண்டு மூணு பேர்தான் இருப்பாங்க, நம்மள எங்க வைக்கறதுன்னு அவங்களே யோசிக்கணும்னா அந்த மெயில் அப்படியே கிடக்கும். அதனால ஒரு டியூஷன் சென்டர் நடத்தற அமைப்புல வாலண்டியர்ஸ பாத்துக்கறவங்க யாருன்னு போன்ல கேட்டு, அவங்க பேருக்கே ஆறு வரில எழுதினேன். கணக்கு சொல்லித் தர முடியும், சனி ஞாயிறு காலைல வர முடியும், பரீட்சை மாசத்துல முடியாது, குறைஞ்சது ஒரு வருஷம் இருப்பேன், அவ்ளோதான். பத்து நாள் ஆச்சு பதில் வர.

கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினாங்க. என்னைத் தெரிஞ்ச ரெண்டு பேரோட விவரம் வாங்கி நிஜமாவே போன் பண்ணி விசாரிச்சாங்க, போலீஸ் சரிபார்ப்பும் கேட்டாங்க. மூணு வாரம் வந்துட்டுக் காணாமப் போற வாலண்டியரால பசங்க மனசு எவ்ளோ ஒடஞ்சு போகுதுன்னு அந்த மேடம் சொன்னப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது. முதல் மாசம் புக்ஸ் அடுக்கறது, அட்டெண்டன்ஸ் எடுக்கறது மட்டும்தான். இப்பவும் எந்தப் பையனோடயும் தனியா ரூம்ல விட மாட்டாங்க, எப்பவும் இன்னொருத்தர் இருப்பாங்க. பணம்னு ஒரு வார்த்தை வரல, பஸ் டிக்கெட்டுக்குக் கூட அவங்கதான் திருப்பித் தர்றாங்க.

அந்த டிரஸ்ட் மேல சைபர் கிரைம்ல புகார் குடுத்திருக்கேன், பேங்க்லயும் எழுதிக் குடுத்திருக்கேன், இதுவரைக்கும் பணம் வரல. 11 பேர்ல பத்து பேருக்கு போன் பண்ணி நடந்ததச் சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட மட்டும் இன்னும் சொல்லல, பாக்கறப்போ எல்லாம் "பசங்க நல்லாப் படிக்கறாங்களா"ன்னு கேக்கறாங்க. இந்த ஞாயித்துக்கிழமை நேர்ல போய் சொல்லிடுவேன். இதே மாதிரி அரை மணி நேரத்துல செலக்ட்னு மெசேஜ் வந்து பணம் கட்டினவங்க யாராவது இருந்தா அந்த மெசேஜ், பணம் அனுப்பின விவரம் எதையும் அழிக்காம வெச்சுக்கிட்டு நீங்களும் புகார் குடுங்க.