சைக்கிள் கம்ப்யூட்டருக்குச் சுற்றளவு: அட்டவணையா, அளவுகோலா, சாக்பீஸா, ஜிபிஎஸ்ஸா?

சைக்கிள் கம்ப்யூட்டர் என்பது ஓட்டிய வேகத்தையும் தூரத்தையும் காட்டும் சிறு கருவி. காந்த சென்சார் வைத்த கம்ப்யூட்டருக்குத் தூரம் தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, நாம் கொடுத்த சக்கரச் சுற்றளவால் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். அந்த எண் தப்பினால் எல்லாமே தப்பும்.

சுலபமான வழி, கையேட்டில் உள்ள அட்டவணை. டயரின் பக்கவாட்டில் 700×25சி என்றிருந்தால் 2105 மி.மீ., 700×28சி என்றால் 2136. போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆனால் ஒரே அளவு அச்சிட்ட டயர்கூட ரிம்மின் அகலம், காற்றழுத்தம், ஓட்டுபவரின் எடை இவற்றுக்கேற்பக் கொஞ்சம் மாறும். அட்டவணைக்கு அதெல்லாம் தெரியாது.

தரையிலிருந்து அச்சு வரை அளவுகோலால் அளந்து, இரட்டித்து, 3.1416-ஆல் பெருக்குவது இன்னொரு வழி. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அளப்பதில் 1 மி.மீ. பிசகினால் சுற்றளவில் 6 மி.மீ.க்கு மேல் பிசகும், 100 கி.மீ.க்கு ஏறக்குறைய 300 மீட்டர். அதற்கு அட்டவணையே மேல்.

உருட்டி அளப்பதுதான் என் தேர்வு. வழக்கமான அளவுக்குக் காற்றடித்து, சமதளத்தில் முன்சக்கரத்தின் வால்வை நேர் கீழே கொண்டுவந்து தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சீட்டில் உட்கார்ந்துதான் உருட்ட வேண்டும்; எடை ஏறினால் டயர் அமுங்கும், வெறும் சைக்கிளைத் தள்ளி அளந்தால் எண் சற்றுக் கூடுதலாகவே வரும். நேர்கோட்டில் மூன்று சுற்று போய், வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளி 6327 மி.மீ. என்றால் மூன்றால் வகுத்து 2109. அட்டவணையோடு 4 மி.மீ.தான் வித்தியாசம், 100 கி.மீ.க்கு 190 மீட்டர். இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்டால், சரி, அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் தேய்ந்த டயருக்கும் அட்டவணையில் இல்லாத டயருக்கும் உருட்டுவதே வழி.

ஜிபிஎஸ்ஸுக்குச் சுற்றளவே வேண்டாம். சக்கரம் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் சுரங்கப்பாதையில் சிக்னல் போய்விடும், அடர்ந்த மரங்களுக்கு அடியில் தடுமாறும், நெருக்கமான வளைவுகளை நேர்கோடாக வெட்டித் தூரத்தைக் குறைக்கும். சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க வைக்கும் டிரெய்னரில் மிதித்தால் பூஜ்யம்தான். சில ஜிபிஎஸ் கருவிகள் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) மாட்டும் சென்சாரோடு சேர்ந்து, வெளியில் ஓட்டும்போது சுற்றளவைத் தாமே கணித்துக்கொள்ளும். பணம் இருந்தால் அதுவே நிம்மதி.

ஒரு விஷயம். ஸ்போக்கில் மாட்டிய காந்தத்தை ரிம் பக்கமாக நகர்த்தினால் தூரம் கூடிவிடாது. எங்கே இருந்தாலும் சுற்றுக்கு ஒரு முறைதான் சென்சாரைக் கடக்கும். ஓட்டும்போது வேகம் திடீர் திடீரென 0-க்கு விழுந்தால் சுற்றளவில் கை வைக்காதீர்கள். ஸ்போக்கில் உள்ள காந்தம் விலகியிருக்கும், இல்லையென்றால் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்.