மெசியானின் பறவைகள், எமாரின் விரல்கள்: ஓர் ஒலித்தட்டுத் தொகுப்பின் மதிப்புரை

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் 1956 முதல் 1958 வரை பியானோவுக்காக எழுதிய 'பறவைகளின் பட்டியல்' 13 தனிப் படைப்புகளைக் கொண்டது; முழுவதையும் வாசிக்க ஏறக்குறைய இரண்டேமுக்கால் மணி நேரம் ஆகும். பியர் லொரான் எமார் வாசித்து, 2018-இல் பென்டாடோன் இசை நிறுவனம் வெளியிட்ட மூன்று தட்டுகளையே இங்கு மதிப்பிடுகிறேன். பறவை இசை என்றதும் தியானத்துக்கு ஏற்ற மெல்லிய பின்னணியை எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாந்துபோவார்கள். ஆல்ப்ஸ் மலைக் காக்கையைப் பற்றிய முதல் படைப்பே பாறைகளும் பனிப்பாளமுமாகத்தான் முழங்குகிறது.

மெசியான் வயல்களிலும் கடற்கரைகளிலும் நின்று, பறவைகள் பாடப் பாட, நோட்டுப் புத்தகத்தில் சுரங்களாகக் குறித்துக்கொண்டவர். ஆனால் அரைச் சுரத்தைவிட (அடுத்தடுத்த இரு பியானோக் கட்டைகளுக்கு இடையிலான சுருதி வேறுபாட்டைவிட) நுண்ணிய இடைவெளிகளில் பாடும் குரலைப் பியானோவின் கட்டைகளில் அப்படியே கொண்டுவர இயலாது. அதனால் அவர் பாட்டின் வேகத்தைக் குறைத்தார், சுருதியைத் தாழ்த்தினார், இடைவெளிகளையும் அதே விகிதத்தில் அகட்டினார். குரலின் நிறத்துக்காக ஒவ்வொரு சுரத்தின் மேலும் தனித்தனிச் சுரக்கூட்டை அடுக்கினார். குயிலின் கூவலில் கமகத்தைக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு, இழைந்து ஏற வேண்டிய ஒலி படிப்படியாக வெட்டுப்பட்டு ஏறுவது முதலில் உறுத்தலாகவே இருக்கும். எனக்கு அந்த உறுத்தல் நீங்க மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. (13-ஆம் நூற்றாண்டின் இந்திய இசை நூலான 'சங்கீத ரத்னாகரம்' பட்டியலிடும் தேசி தாளங்களை மெசியான் ஆழ்ந்து பயின்றிருந்தார் என்பதையும் நம்மவர்கள் நினைவில் கொள்ளலாம்.)

தொகுப்பின் நடுநாயகம் ஏழாவது படைப்பு. நாணலில் வாழும் கதிர்க்குருவியை மையமாக வைத்து, பிரான்சின் சொலோஞ் பகுதிக் குளங்களில் நள்ளிரவில் தொடங்கி 27 மணி நேரத்தில் நிகழ்வதை அது அரை மணி நேரத்தில் சொல்கிறது. தவளைகள் கத்துகின்றன, சூரியன் எழுகிறது, அல்லிகள் தெரிகின்றன, மறுபடியும் இருள் கவிகிறது. குருவியின் நீண்ட தனிப்பாட்டில் ஒவ்வொரு கரகரப்பும் ஒவ்வொரு சொடுக்கும் வெவ்வேறு அழுத்தத்தில் விழுமாறு எமார் வாசித்திருக்கிறார். அதைவிட, பாட்டுகளுக்கிடையே அவர் விடும் மௌனம்தான் குளத்தின் அகலத்தை உணர்த்துகிறது. இப்படைப்புகளை 1959-இல் முதன்முதலாக மேடையேற்றியவரும் பின்னாளில் மெசியானின் மனைவியானவருமான இவோன் லொரியோவிடம் பயின்றவர் எமார் என்பது அந்தப் பொறுமையில் தெரிகிறது.

குறை ஒன்று உண்டு. ஆந்தையைப் பற்றிய ஐந்தாவது படைப்பில் எல்லாச் சுரங்களும் கண்ணாடிபோல் துலங்குவதால், இருட்டில் எழ வேண்டிய அச்சம் சற்றுக் குறைந்துவிடுகிறது. மற்றவற்றில் இந்தத் தெளிவு வரமே.

மூன்று தட்டுகளையும் ஒரே அமர்வில் கேட்க வேண்டாம். 2016-இல் இங்கிலாந்தின் ஆல்ட்பரோ இசை விழாவில் எமாரே இவற்றை விடியல் முதல் இரவு வரை, அந்தந்தப் பொழுதுக்கேற்பப் பிரித்து வாசித்தார்; வீட்டிலும் அவ்வாறு கேட்பதே பொருந்தும். கடைசிப் படைப்பான கோட்டானை மட்டும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டான் ஆந்தையல்ல; நம் கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் அதே நீண்டு வளைந்த அலகுடைய கரைப்பறவைதான். இங்கே அது பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள வேசான் தீவில் அழுகிறது. மூடுபனி இறங்குகிறது, கலங்கரை விளக்கின் சங்கு அலறுகிறது, பிறகு பியானோவின் அடிக்கட்டைகளில் அலை மட்டும் கேட்கிறது.