சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்க சேலமா, பெங்களூரா?

சேலத்திலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். 1983-ல் இன்ஃபோசிஸ் புனேயிலிருந்து அங்கே போனது. 1985-ல் அமெரிக்க சிப் கம்பெனியான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. இப்படிப்பட்ட இடங்களில் வேலை பழகியவர்கள் பலர் பிறகு சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். முதலீடும் தேடி வந்தது. நம்மூரில் அரசு பொறியியல் கல்லூரி 1966-லேயே வந்தும், படித்தவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் (தமிழக அரசு நிறுவனம்) ஐ.டி. வளாகம் வந்தது வெகு தாமதமாகத்தான்.

ஆனால் வாடிக்கையாளர் இங்கேதான் இருக்கிறார். செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறையைப் பாருங்க: கட்டி வெள்ளியாகப் போய் கொலுசாகத் திரும்பும், இடையில் எடை, சேதாரம், கூலி என்று அத்தனையும் கணக்கு. அதற்கு ஒரு நல்ல ஆப் செய்ய, பட்டறையிலேயே உட்கார்ந்து பார்க்கணும். ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்கும் அப்படித்தான். பெரிய முதலீடு தேவையென்றால் பெங்களூரு போங்க. முதல் பத்து வாடிக்கையாளரைப் பிடிக்க இங்கேயே இருங்க, வாடகையும் குறைவு.