அப்பர்ச்சர் ப்ரையாரிட்டியா, மேனுவல் + ஆட்டோ ஐஎஸ்ஓவா: காட்டுக்குள்ள எது கைகொடுக்குது

காட்டு மிருகங்கள, பறவைங்கள படம் பிடிக்க பெரிய லென்ஸ் ஒண்ணு கைக்கு வந்ததும் அடுத்து வர்ற குழப்பம் எந்த மோடுல வைக்கிறதுங்கறது தான். நான் ரொம்ப நாள் அப்பர்ச்சர் ப்ரையாரிட்டியில (லென்ஸோட திறப்பான அப்பர்ச்சர நாம வைப்போம், படம் பதியற நேரமான ஷட்டர் ஸ்பீட கேமரா வைக்கும்) எடுத்துட்டிருந்தேன், இப்ப மேனுவல் மோடு + ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு (அது ரெண்டையும் நாம வைப்போம், கிடைச்ச வெளிச்சத்த எவ்ளோ தூக்கிக் காட்டணும்ங்கற ஐஎஸ்ஓவ மட்டும் கேமரா வைக்கும்) மாறிட்டேன், திரும்பிப் போற எண்ணம் இல்ல. அதனால இது நடுநிலையான அலசல் கிடையாது, என் சாய்வு எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடறேன்.

புரோகிராம், ஃபுல் ஆட்டோ ரெண்டையும் விட்டுடலாம். ஷட்டர் ப்ரையாரிட்டி மோசமில்ல, ஆனா வெயில் ஏறினா கேமரா அப்பர்ச்சர தன்னிஷ்டத்துக்கு மூடிக்கும். ஐஎஸ்ஓவ 400ல நிறுத்தி ஷட்டர் ஸ்பீடு 1/1000 நொடி வச்சீங்கன்னா நல்ல வெயில்ல எஃப் 10 கிட்ட போய் நிக்கும் (எஃப் நம்பர் ஏற ஏற திறப்பு சுருங்கும்), மான் பின்னாடி இருக்குற குச்சி, முள்ளு எல்லாம் படத்துல பளிச்சுனு வந்துடும். பின்னணி கரையணும்னு தானே இவ்ளோ வெயிட்ட தூக்கிட்டுப் போறோம். வெளிச்சம் கம்மியானா அதுவே அப்பர்ச்சர முழுசா திறந்துடும், அத நாமளே செஞ்சிருப்போம். ஆக நிஜமான போட்டி மத்த மூணுக்குத்தான்: அப்பர்ச்சர் ப்ரையாரிட்டி, முழு மேனுவல், மேனுவல் + ஆட்டோ ஐஎஸ்ஓ.

அப்பர்ச்சர் ப்ரையாரிட்டிய குறைச்சு சொல்ல மாட்டேன், பழைய ஆளுங்க நிறைய பேர் இன்னும் அதுலதான் அருமையா எடுக்கறாங்க. லென்ஸ முழுசா திறந்து வச்சிட்டா அந்த வெளிச்சத்துல கிடைக்கிற அதிகபட்ச ஷட்டர் ஸ்பீட கேமரா தந்துடும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா கணிச்ச வெளிச்சத்த நாம கூட்டிக் குறைக்கிறது) கட்டை விரலுக்கே வரும். ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு மினிமம் ஷட்டர் ஸ்பீடு 1/1000னு மெனுவுல குடுத்துட்டா நான் சொல்ற முறைக்கும் இதுக்கும் பாதி வித்தியாசம் காணாமப் போயிடும். மீதிப் பாதி தான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு.

காட்டுல வெளிச்சத்த விட வேகமா மாறுறது மிருகத்தோட அசைவு. வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குங்கள எடுத்தவங்களுக்கு இது உடனே புரியும். ஆண் குரங்கு ஒண்ணு கிளையில உக்காந்து பலாச்சுளைய பிச்சு பிச்சு தின்னுட்டிருக்கும், முகத்தச் சுத்தி அந்த வெள்ளிப் பிடரி காத்துல லேசா ஆடும், அப்போ 1/250 தாராளம், எஃப் 6.3ல ஐஎஸ்ஓ 1600 கிட்ட நிக்கும், ரோமம் ஒவ்வொண்ணும் தெளிவா விழும். திடீர்னு தலையத் திருப்பி அடுத்த மரத்தப் பாக்கும், பின்னங்கால் ரெண்டும் கிளைய அழுத்திப் பிடிக்கும், தாவப் போகுதுன்னு அர்த்தம். அந்த ரெண்டு மூணு நொடிக்குள்ள 1/250ல இருந்து 1/1250க்குப் போயாகணும். மேனுவல்ல கண்ண வ்யூஃபைண்டர்ல இருந்து எடுக்காம டயல ஏழு கிளிக் சுத்தினா முடிஞ்சுது, ஐஎஸ்ஓ தானா 8000க்கு ஏறிக்கும். அப்பர்ச்சர் ப்ரையாரிட்டியில மினிமம் ஷட்டர் ஸ்பீடு பல கேமராவுல மெனுவுக்குள்ள எங்கயோ கெடக்கும், அதத் தேடிப் போறதுக்குள்ள குரங்கு போயே போயிடும். இல்லன்னா எப்பவும் 1/1250லயே விட்டு வைக்கணும், அப்ப அசையாம உக்காந்திருக்குற நேரத்துலயும் ஐஎஸ்ஓ 8000ல எடுத்துட்டிருப்போம், சும்மா கெடைக்க வேண்டிய நல்ல படத்துக்கு தேவையில்லாம நாய்ஸ் (படத்துல மணல் தூவின மாதிரி வர்ற புள்ளிகள்) ஏத்தின மாதிரி ஆயிடும். ரெண்டாவது விஷயம், ஆட்டோ ஐஎஸ்ஓ நீங்க வச்ச எல்லையத் தொட்டுட்டா அப்பர்ச்சர் ப்ரையாரிட்டி சத்தமில்லாம ஷட்டர் ஸ்பீட இறக்கிடும், 1/1000னு நம்பி எடுத்தது வீட்டுல வந்து பாத்தா 1/160ன்னு இருக்கும். மேனுவல்ல அப்படி நடக்காது, படம் கொஞ்சம் இருட்டா வரும், அவ்வளவுதான்.

இருட்டா வந்த ரா ஃபைல (சென்சார் தந்த மூலப் படம்) ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்துல ரெண்டு மடங்கு, தூக்கிக்கலாம். நாய்ஸையும் இப்ப பெருசா பயப்பட வேண்டியதில்ல, 2023 ஏப்ரல்ல லைட்ரூம்ல ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு ஐஎஸ்ஓ 6400ங்கறது நான் கூசாம போற நம்பர் ஆயிடுச்சு, தேவைப்பட்டா 12800 கூட. ஆனா கை ஆட்டத்துலயோ மிருகம் அசைஞ்சோ கலைஞ்ச படத்த எந்த மென்பொருளும் உருப்படியா மீட்டுத் தராது. அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ இந்த மூணுல எத விட்டுக்கொடுக்கலாம்னு கேட்டா ஐஎஸ்ஓவத்தான், அதத்தான் கேமரா கிட்ட விடணும், ஷட்டர் ஸ்பீடு நம்ம விரல்லயே இருக்கணும். நான் மாறினதுக்கு முழுக் காரணமும் இது ஒண்ணுதான்.

இதுக்கும் ஒரு ஓட்டை இருக்கு. 1/500, எஃப் 5.6ல நிழல்ல எடுத்துட்டிருக்கீங்க, காட்டுமாடு அப்படியே நடந்து முழு வெயிலுக்கு வந்துடுது, ஐஎஸ்ஓ 100க்குக் கீழ இறங்க வழியில்ல, படம் முக்கால் ஸ்டாப் கிட்ட ஓவராயிடும். அப்பர்ச்சர் ப்ரையாரிட்டி இந்த இடத்துல தானா 1/800க்கு ஏறிக் காப்பாத்தியிருக்கும். காலையில இருட்டுல கிளம்பி வெயில் ஏறுற வரைக்கும் ஜீப்புல சுத்தறவங்க ஐஎஸ்ஓ 100ல போய் நிக்குதான்னு ஒரு கண்ணு வச்சுக்கணும், நின்னா உடனே ஷட்டர ஏத்தணும்.

முழு மேனுவல், அதாவது ஐஎஸ்ஓவும் நாமளே வைக்கிறது, இது காட்டுக்குள்ள எனக்கு ஒத்து வரல, இலை இடுக்குல வெயில் புள்ளி புள்ளியா விழற இடத்துல ஒவ்வொரு அடிக்கும் மாத்திட்டே இருக்கணும். அதுவும் 150-600 மி.மீ. ஜூம் மாதிரி லென்ஸ்ல 150ல எஃப் 5னு இருக்கறது 600க்குப் போறப்ப எஃப் 6.3 ஆயிடும், நீங்க எதையும் தொடாமலே படம் இருட்டாகும். எஃப் 6.3லயே நிறுத்தி வச்சா அந்தப் பிரச்சனை இல்ல.

ஆனா வேடந்தாங்கல் ஏரிக்கரையிலயோ கோடியக்கரை புல்வெளியிலயோ நின்னா கதையே மாறிடும், அங்க முழு மேனுவல் தான் ராஜா. வெயில் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி விழுது, மாறுறது பின்னணி மட்டும் தான். ஒரு கரண்டிவாயன் மரத்துல இருந்து கிளம்புது, முதல்ல பின்னாடி கரும்பச்சை இலை, அடுத்து தண்ணி, அடுத்து வெறும் வானம். பறவை மேல விழற வெளிச்சம் ஒரு துளி கூட மாறல, ஆனா ஆட்டோ ஐஎஸ்ஓ பின்னணியப் பாத்து ஏமாந்து, இலை முன்னாடி இறக்கைய வெளுக்க வச்சிடும், வானத்துல போனதும் பறவையையே கருப்பாக்கிடும். நல்ல வெயில்ல 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 320ன்னு பூட்டி வச்சு, வெள்ளைப் பறவைன்னா ஐஎஸ்ஓ 250 இல்ல 200க்கு இறக்கி ஒரு டெஸ்ட் ஷாட் பாத்துட்டா, பறவை எங்க திரும்பினாலும் ஒரே எக்ஸ்போஷர். கோடியக்கரை வெளிமான் ஆணுக்கும் இதேதான், முதுகு கருப்பு, வயிறு சுத்த வெள்ளை, ஓடுறப்ப அது திரும்பத் திரும்ப கேமராவோட ஒளி மீட்டர் ஏறி இறங்கும், வயித்து வெள்ளைக்குப் பாத்து பூட்டிட்டா பிரச்சனை முடிஞ்சுது. மேகம் வந்து வந்து போற நாள்னா மட்டும் நான் மறுபடி ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கே போயிடுவேன்.

ஆட்டோ ஐஎஸ்ஓ வச்சா எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் கண்டிப்பா பழகணும். இருவாச்சி வானத்துல பறக்குதா, பிளஸ் 1.3ல இருந்து 2 வரைக்கும். கரும்பச்சை தண்ணி மேல வெள்ளைக் கொக்கா, மைனஸ் 1. நிறைய பேர் தடுமாறுற இடம் யானையும் காட்டுமாடும்: கருப்பு மிருகம் தானேன்னு பிளஸ்ல போடுவாங்க, ஆனா அது ஃபிரேம் முழுக்க நிறைஞ்சிருந்தா மீட்டர் அந்தக் கருப்ப சாம்பலாக்கப் பாக்கும், அங்க மைனஸ் முக்கால் கிட்ட வேணும். அதே யானை வெளுத்த வானத்துக்கு முன்னாடி சின்னதா நின்னா பிளஸ். மிரர்லெஸ்னா வ்யூஃபைண்டர்லயே தெரிஞ்சுடும், டிஎஸ்எல்ஆர்ல கணக்கு மனசுல தான் ஓடணும்.

கேமரா வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதும் இங்கதான் வருது. எல்லா கேமரா பாடியிலயும் மேனுவல் + ஆட்டோ ஐஎஸ்ஓவுல காம்பன்சேஷன் வேலை செய்யாது. கேனான்ல 7டி மார்க் 2ல உண்டு, 5டி மார்க் 3ல கிடையாது. அது இல்லாத பாடி உங்க கையில இருந்தா நான் இதுவரை சொன்னத மறந்துட்டு அப்பர்ச்சர் ப்ரையாரிட்டியிலயே இருங்க, மினிமம் ஷட்டர் மட்டும் உயர வச்சுக்கோங்க. நிக்கான்ல இந்தத் தொல்லை இல்ல, டி500ல ஐஎஸ்ஓ பட்டன அழுத்திட்டு முன் டயல சுத்தினா ஆட்டோ ஐஎஸ்ஓ ஆன் ஆஃப் ஆகும், காட்டுல இருந்து ஏரிக்கரைக்கு வந்த மாதிரி ஒரே அசைவுல மாறிக்கலாம். சோனி நான் நண்பர் கேமராவுல கொஞ்ச நேரம் தொட்டதோட சரி, அதனால அதப் பத்தி உறுதியா பேசல. ராத்திரி நேர எடுப்பும் எனக்குப் பழக்கமில்ல, மேல சொன்னது எல்லாம் பகல் வெளிச்சத்துக்குத்தான்.

இப்ப என் கேமராவுல முதல் கஸ்டம் மோடு 1/500 ஆட்டோ ஐஎஸ்ஓ, எல்லை 12800. ரெண்டாவது 1/2000, ஐஎஸ்ஓ பூட்டினது, பறக்கறதுக்கு. வண்டியில ஏறினதும் முதல்ல இருக்கும், வெட்டவெளி வந்ததும் ரெண்டாவதுக்குத் திருப்பிட்டு ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்து ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்ளோன்னு காட்டுற வரைபடம்) வலது ஓரம் முட்டுதான்னு, அதாவது வெள்ளை வெளுத்துப் போகுதான்னு பாத்துப்பேன்.