எச்சரிக்கை: ‘ஆன்செல் சவரன்’ என்று சொல்லிக் கீறிய காசை விற்கிறார்கள்

பழைய பிரிட்டிஷ் தங்கக் காசுகளைச் சேகரிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த காசுக்குப் பணம் கட்டுங்கள். லண்டனிலிருந்து இணையத்தில் மட்டும் வியாபாரம் செய்யும் ஒரு நாணயக் கடை, 1859-ஆம் ஆண்டின் சாதாரண விக்டோரியா சவரன் ஒன்றை ‘ஆன்செல்’ என்ற அரிய அச்சு வகை (காசடிக்கும் அச்சில் உள்ள சிறு வேறுபாட்டால் அடையாளம் காணப்படுவது) என்று சொல்லி 1,850 பவுண்டுக்கு என் தலையில் கட்டிவிட்டது.

ஆன்செல் வகையின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். இங்கிலாந்து வங்கி அந்த ஆண்டு நாணயச்சாலைக்கு அனுப்பிய தங்கத்தில் ஒரு பகுதி, ஆண்டிமனி, ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றின் கலப்பால் நொறுங்கும் தன்மையோடு இருந்தது. காசடிக்க உதவாது என்று ஒதுக்கப்பட்ட அந்தத் தங்கத்தை, அங்கே பணியாற்றிய ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஆன்செல் பக்குவப்படுத்தி, அதிலிருந்து சுமார் 1,67,000 சவரன்களை அடித்துக் காட்டினார். அரசியின் கூந்தலைக் கட்டிய ரிப்பனின் கீழ்ப்பகுதியில் கூடுதலாகத் தெரியும் ஒரு மேட்டுக் கோடுதான் அவற்றின் அடையாளம்.

இவை அனைத்தையும் கடைக்காரர் தொலைபேசியில் நிதானமாக விளக்கினார். அரசியின் உருவத்தில் கழுத்து முடியும் வெட்டுப்பகுதியில் 827 என்ற எண் பொறித்த 1863-ஆம் ஆண்டுக் காசைப் பற்றியும், அதே ஆண்டிலிருந்து காசின் பின்புறத்தில் உள்ள இலை மாலைக்குக் கீழே வரத் தொடங்கிய அச்சு எண்களை, அதாவது எந்த அச்சில் அடித்தது என்று காட்டும் எண்களைப் பற்றியும் கேட்காமலேயே பேசினார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நான் நம்பியது அந்த உரையாடலில்தான். அவர் சொன்ன வரலாறு முழுவதும் உண்மை. காசின் மேலிருந்த கோடு மட்டுமே பொய்.

அவர் அனுப்பிய படத்தில் கோடு தெளிவாகவே தெரிந்தது. காசு கைக்கு வந்ததும் எடை, விட்டம் இரண்டும் சரியாகவே இருந்தன. உருப்பெருக்கியை வைத்து ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அச்சில் வெட்டிய பள்ளம் காசில் மேடாகத்தான் விழும். காசின் மேலேயே ஊசியால் கீறினால் பள்ளமும், அதன் ஓரத்தில் ஒதுங்கிய தங்கமுமே மிஞ்சும். என் காசில் இருந்தது இரண்டாவது வகை. நூற்றைம்பது ஆண்டுத் தேய்மானத்தில் ரிப்பன் மழுங்கியிருக்க, அந்தக் கோடு மட்டும் கூர்மையாக மின்னியது. 1,850 பவுண்டு கொடுத்து, யாரோ கெடுத்துவைத்த காசை வாங்கியிருக்கிறேன்.

கடையில் முறையிட்டேன். முதலில் படங்களை நிபுணருக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே திருப்பித் தருவதற்கான 14 நாள் கெடு முடியும்வரை அந்த நிபுணர் வாய் திறக்கவே இல்லை. பிறகு, அச்சு வகை என்பது அவரவர் கருத்தைப் பொறுத்தது என்றார்கள். கடைசியாக வந்த பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது: “காசு அசல் தங்கம்தானே, உங்களுக்கு என்ன நட்டம்?” தங்கத்தின் விலைக்கு மேல் நான் கொடுத்த ஒவ்வொரு பவுண்டும் அந்தக் கோட்டுக்காகக் கொடுத்தது என்பது அவர்களுக்குத் தெரியாதா? பொருள் விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டி எழுதினேன். அதன்பின் பதிலே இல்லை. சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போவதற்கான கடிதத்தை நேற்று அனுப்பிவிட்டேன்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஒரே கோணத்தில் எடுத்த படத்தை நம்பாதீர்கள், ஒளி இரு பக்கமிருந்தும் விழும் படங்களைக் கேளுங்கள். கோடு மேடா பள்ளமா என்று பாருங்கள். சுதந்திரமான தரச்சான்று நிறுவனம் வகையின் பெயரையும் குறிப்பிட்டு உறையிட்ட காசாக இல்லாவிட்டால், சாதாரண 1859 சவரனின் விலைக்கு மேல் ஒரு காசும் தராதீர்கள். கிரெடிட் கார்டில் மட்டுமே பணம் கட்டுங்கள்.

அதே கடையில் இன்று காலை இன்னொரு ‘ஆன்செல்’ விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 1,950 பவுண்டு. படம் ஒன்றே ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள்.